கைக்குப் பதில் சொல்லும் கோல்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)



கிணற்றில் நீர் இறைத்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். வாளி தண்ணீரைத் தொட்டுவிட்டதா, நிறைந்துவிட்டதா, பக்கச் சுவரில் எங்கேனும் மாட்டிக்கொண்டதா என்பதை நாம் எட்டிப் பார்த்தா அறிகிறோம்? இல்லை. கயிறே நம் கைக்குச் சொல்லிவிடுகிறது. பட்டம் விடும் தம்பியைக் கேளுங்கள். மேலே காற்று வலுத்துவிட்டது என்பதை அவன் விரலை இழுக்கும் நூல்தான் அவனுக்குச் சொல்கிறது. சப்பாத்திக்கு மாவு பிசையும் அம்மா, இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்பதை எந்த அளவுகோலாலும் அளந்து பார்ப்பதில்லை. மாவு அவர் கைக்குச் சொல்கிறது. நாம் ஒரு பொருளின்மேல் கையால் வேலை செய்யும்போது அந்தப் பொருளும் நம் கைக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பழகிப்போனதால் நாம் அதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகாய விமானத்தை ஓட்டும் விமானியின் கைக்கும் இத்தகைய பதில் வேண்டும். அந்தப் பதில் முதலில் தானாகவே கிடைத்தது. பின்பு காணாமற் போயிற்று. பிறகு அதைச் செயற்கையாகச் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறோம். அதற்கு முன், பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்களுக்கு விமானத்தின்மேல் எப்படி அக்கறை வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கண்காட்சியில் பிய்ந்த வால்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு விமான வால் செய்தோம். ஒரு பலகையின்மேல் அட்டையால் ஆன சிறு மடல் ஒன்றை வைத்து, துணிப்பட்டை ஒட்டிக் கதவுபோல் கீல் அமைத்தோம். மடலிலிருந்து ஒரு நூல் புறப்பட்டு, காலியான இரண்டு நூற்கண்டு உருளைகளின்மேல் ஓடி, ஒரு மூங்கில் கோலில் முடிந்தது. எதிரே ஒரு மேசை விசிறி. கோலை இழுத்தால் மடல் எழும். காற்று அதைப் படுக்க வைக்கப் பார்க்கும். விசிறியின் வேகத்தைக் கூட்டக் கூட்டக் கோல் கனத்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இழுத்துப் பார்த்து, “அட, காத்து இழுக்குதே!” என்று வியந்தார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். “நிஜ விமானத்தில் எல்லாம் மோட்டார்தானே இழுக்கும்?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். உடைந்த பொம்மைக் கார் ஒன்றிலிருந்து சிறு மோட்டாரை எடுத்து, பக்கத்திலேயே இரண்டாவது மடல் ஒன்றை அமைத்தோம். இதில் கோலை லேசாகத் தள்ளினால் போதும். கோலின் அடியிலுள்ள சுவிட்சு பட்டு, மோட்டார் நூலைச் சுற்றி மடலைத் தூக்கும். விரல் நுனியால் தொட்டாலே வேலை நடக்கிறது என்பதில் எங்களுக்கு ஒரே பெருமை.

நடுவர்கள் வருவதற்கு அரை மணிக்கு முன்பு ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அவள் மோட்டார்க் கோலைத் தள்ளினாள், தள்ளியபடியே வைத்திருந்தாள். மடல் காற்றை எதிர்த்து மேலே மேலே எழுந்தது. ‘பட்’டென்று துணிக் கீல் பிய்ந்து, மடல் பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுந்தது.

நாங்கள் அவளைக் கடிந்துகொண்டோம். “எதுக்கு அவ்வளவு அழுத்தினே?” என்று கேட்டோம். அவள் அழுதுகொண்டே, “நான் மெதுவாத்தான் தள்ளினேன் அக்கா. கைக்கு ஒண்ணுமே தெரியலையே!” என்றாள்.

எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். சிறுமியைத் தேற்றி அனுப்பிவிட்டு எங்களைப் பார்த்து, “காலையிலிருந்து முதல் கோலை எத்தனையோ பேர் இழுத்தார்கள். அது ஏன் பிய்யவில்லை? அந்தப் பிள்ளை சொன்னதில்தான் விடை இருக்கிறது. போய்த் தேடுங்கள்” என்றார். அன்று எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் தேடத் தேட, எங்கள் அட்டை மடலுக்கு நேர்ந்ததே பெரிய பெரிய விமானங்களை உருவாக்கியவர்களையும் கவலைப்பட வைத்தது என்று கண்டோம்.

காற்றே பதில் சொன்ன காலம்

விமானத்தின் இறக்கையிலும் வாலிலும் கதவுபோல் அசையும் மடல்கள் உண்டு. இறக்கை மடல்கள் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும். வால் மடல்கள் மூக்கை உயர்த்தும், தாழ்த்தும். நிமிர்ந்து நிற்கும் வாலிலுள்ள சுக்கான் மூக்கை இடமும் வலமும் திருப்பும். முதல் இரண்டையும் விமானி கையிலுள்ள கோலாலும், சுக்கானைக் கால்மிதியாலும் இயக்குகிறார்.

1903 டிசம்பர் 17 ஆம் நாள் ஆர்வில் ரைட் முதன்முதலாக 12 விநாடிகள் பறந்தபோது, குப்புறப் படுத்தபடி, முன்புற மடலைக் கை நெம்புகோலாலும் இறக்கைகளின் முறுக்கலை இடுப்பின் அசைவாலும் இயக்கினார். அதன்பின் பல ஆண்டுகள் வரை பெரும்பாலான விமானங்களில் எஃகு வடங்களும் கப்பிகளுமே கோலை மடலோடு இணைத்தன. எங்கள் மூங்கில் கோலும் நூலும் போலத்தான்! காற்று மடலைத் தள்ளும். மடல் வடத்தை இழுக்கும். வடம் கோலை இழுக்கும். வேகம் குறைந்தால் கோல் தளர்ந்து தொளதொளக்கும். வேகம் கூடினால் விறைக்கும். வேகமானியைப் பார்க்காமலேயே அனுபவமுள்ள விமானிக்கு விமானத்தின் நிலை கையில் தெரிந்தது.

ஆனால் இதில் ஒரு சங்கடம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் மடலின்மேல் விசை நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு! விமானியின் புஜமோ வளர்வதில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் ஜீரோ விமானம் வளைந்து திரும்புவதில் பெயர் பெற்றது. 1942 ஜூன் மாதம் அலாஸ்காவைச் சேர்ந்த அகுட்டான் தீவில், சதுப்பு நிலத்தில் ஒரு ஜீரோ கவிழ்ந்து விழுந்தது. அமெரிக்கர்கள் அதை எடுத்துச் சென்று செப்பனிட்டு, அதே ஆண்டில் ஓட்டிப் பார்த்தனர். ஏறத்தாழ மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனதும் அதன் இறக்கை மடல்கள் உறைந்தவைபோல் கெட்டிப்பட்டதைக் கண்டனர். கோலை அசைக்கப் பெரும் பலம் வேண்டியிருந்தது. ஜீரோவிடமிருந்து தப்ப வேண்டுமானால் வேகமாகத் தலைகுப்புறப் பாய்ந்து சட்டென்று புரண்டு திரும்புங்கள் என்று தங்கள் விமானிகளுக்கு அவர்களால் சொல்ல முடிந்தது. துரத்துபவனின் கோல் இறுகிவிடும் அல்லவா?

பலம் வந்தது, உணர்வு போயிற்று

விமானியின் கைக்குப் பலம் சேர்க்க வழி தேடினார்கள். நாம் வகுப்பில் படித்த பாஸ்கல் விதியே கை கொடுத்தது. குழாயில் அடைத்த எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு சிறு விசையைப் பெரு விசையாக்கலாம். 1944 இல் அமெரிக்கரின் பி-38 போர் விமானத்தின் பிந்திய வகைகளில், இறக்கை மடல்களை அசைக்க இந்த எண்ணெய் அழுத்த உதவி சேர்க்கப்பட்டது.

போருக்குப் பின் ஜெட் விமானங்கள் வந்தன. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது மடல்களின்மேல் விழும் விசைகள் மிகப் பெரியவை. அவை திடீர் திடீரென மாறவும் செய்யும். ஆகவே உதவி மட்டும் போதாது, முழு வேலையையும் எண்ணெய் அழுத்தமே செய்யட்டும் என்று முடிவு செய்தார்கள். கோல் ஒரு வால்வை மட்டும் திறக்கும். எண்ணெயால் நகரும் தண்டு மடலைத் தள்ளும். காற்று எவ்வளவு முட்டினாலும் அத்தண்டு பின்வாங்காது.

கோல் இப்போது மிக எளிதாக அசைந்தது. ஆனால் காற்றுக்கும் கைக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிட்டது. மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் கோல் ஒன்றுபோலவே இருந்தது. இதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? மெதுவாகப் பறக்கும்போது மூக்கைச் சற்றே தூக்கும் அதே கையசைவு, மிகுந்த வேகத்தில் இறக்கையையே ஒடித்துவிடக் கூடும். இனிமேல் இழுக்காதே என்று முன்பு சொன்னது, விறைத்துக் கனக்கும் கோல்தான். அந்தக் கோல் ஊமையாகிவிட்டால் விமானிக்கு யார் சொல்வது? “கைக்கு ஒண்ணுமே தெரியலையே” என்ற அந்தச் சிறுமியின் சொல் இங்கே எங்கள் நினைவுக்கு வந்தது.

செய்து கொடுத்த உணர்வு

போன உணர்வைத் திருப்பிக் கொடுக்கப் பொறியியலார் மூன்று வழிகள் கண்டனர்.

முதலாவது, சுருள்வில். கோலை நடு நிலையிலிருந்து எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவுக்கு அது எதிர்த்து இழுக்கும். ஆனால் வில்லுக்கு விமானத்தின் வேகம் தெரியாது. நின்றாலும் பறந்தாலும் அதன் பதில் ஒன்றுதான்.

இரண்டாவது வழி, எதிர்க் காற்றைக் கொண்டே கோலை விறைக்க வைப்பது. விமானத்தின் வெளியே முன்னோக்கி நீட்டியிருக்கும் பிட்டோ குழாயில் புகும் காற்று, வேகம் கூடக் கூட மிகுந்து அழுத்தும். அந்த அழுத்தத்துக்கு ஏற்றபடி கோலின் எதிர்ப்பையும் கூட்டிவிட்டால், பழைய வடக்கயிற்று விமானத்தில் இருப்பது போன்ற உணர்வு விமானிக்குக் கிடைக்கும். போயிங் 737 விமானத்தைப் படத்தில் பார்த்தால், நிமிர்ந்த வாலின் இரு பக்கமும் சிறு குழாய்கள் நீட்டியிருப்பதைக் காணலாம். வால் மடல்கள் கோலுக்குத் தர வேண்டிய கனத்தைக் கணக்கிடும் கருவிக்குக் காற்றழுத்தத்தைத் தெரிவிப்பவை அவையே.

மூன்றாவது, கோலோடு பிணைத்த ஓர் எடைக்கட்டி. ராட்டினம் வேகமாக மேலே வளையும்போது நம்மை இருக்கையோடு அழுத்துகிறது அல்லவா? விமானம் சட்டென்று மேல்நோக்கி வளைந்தாலும் அப்படித்தான். அப்போது எடைக்கட்டியும் கனத்து, விமானி இழுக்கும் கோலை எதிர்ப்பக்கம் இழுக்கும். ‘போதும், மெல்ல!’ என்று கையைப் பிடித்துத் தடுப்பது போல.

நடுங்கும் கோலும் தள்ளும் கோலும்

கோல் சொல்ல வேண்டிய செய்திகளுள் மிக அவசரமானது ஒன்று உண்டு. விமானத்தின் மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால், இறக்கையைத் தழுவி ஓடும் காற்று அதைவிட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும். இறக்கையின் தூக்குவிசை குலைந்து விமானம் விழத் தொடங்கும். இதை ‘ஸ்டால்’ என்பார்கள். இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் இது நேரலாம். மருந்து ஒன்றுதான்: கோலை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். பழைய விமானங்களில் இறக்கையிலிருந்து பிரிந்த காற்று வாலில் மோதி, வடத்தின் வழியே கோலை நடுங்கச் செய்யும். அதுவே எச்சரிக்கை.

அந்த இயற்கை நடுக்கம் கோலுக்கு எட்டாத விமானங்களில் செயற்கை நடுக்கத்தை வைத்தார்கள். ஒரு பக்கம் எடை மிகுந்த சக்கரத்தைச் சுழற்றும் சிறு மோட்டார் கோலிலேயே பொருத்தப்பட்டது. பல கைப்பேசிகளை அதிரச் செய்வதும் இதே தத்துவம்தான். ஆபத்து நெருங்கியதும் கோல் கடகடவென்று நடுங்கும்.

1963 அக்டோபர் 22 ஆம் நாள் இங்கிலாந்தில், புதிய பிஏசி ஒன்-லெவன் விமானம் சோதனையின்போது விழுந்து நொறுங்கி எழுவர் மாண்டனர். அதன் கிடைவால், நிமிர்ந்த வாலின் உச்சியில் அமைந்திருந்தது. மூக்கு மிக உயர்ந்ததும் இறக்கையின் கலங்கிய காற்று வாலை மூடிக்கொண்டதால், கோலைத் தள்ளியும் மூக்கு இறங்கவில்லை. அந்நிலைக்குப் போக விடவே கூடாது என்று, கோலைத் தானே முன்னால் தள்ளிவிடும் கருவி அத்தகைய விமானங்களில் வைக்கப்பட்டது.

ஆயினும் 1972 ஜூன் 18 ஆம் நாள் இலண்டனிலிருந்து பிரசல்சுக்குப் புறப்பட்ட டிரைடென்ட் விமானத்தில் நடந்தது நெஞ்சை உருக்குகிறது. எழும்பிய சற்று நேரத்தில், மெதுவான வேகத்துக்குத் துணை செய்யும் இறக்கையின் முன்விளிம்பு, காலத்துக்கு முன்பே மடக்கப்பட்டுவிட்டது. கோல் நடுங்கியது. பின்பு தானே முன்னால் தள்ளியது. ஆனால் விமானிகளின் அறையில் யாரோ அந்தத் தள்ளும் கருவியையே நிறுத்திவிட்டார்கள். அது முன்பு சில வேளைகளில் காரணமில்லாமலும் தள்ளியதுண்டு. ஆகவே அதன்மேல் விமானிகளுக்கு முழு நம்பிக்கை இல்லை. புறப்பட்ட மூன்று நிமிடங்களுக்குள் விமானம் ஸ்டெயின்ஸ் என்னும் ஊரருகே விழுந்தது. 118 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பதில் கிடைத்தது; கை அதை ஏற்கவில்லை.

மின்கம்பியின் வழியே

எஃகு வடமும் வேண்டாம், கோலின் அசைவை மின்சாரமாக மாற்றிக் கணிப்பொறிக்கு அனுப்புவோம் என்பது அடுத்த படி. 1972 மே 25 ஆம் நாள் அமெரிக்காவின் நாசா நிறுவனம், நிலவுக்குச் சென்ற அப்பல்லோ கலத்தின் கணிப்பொறியைப் பொருத்திய எப்-8 விமானத்தை இம்முறையில் பறக்கவிட்டது.

இப்போது கோலுக்கும் மடலுக்கும் இடையே தொடர்பு மின்குறிகள் மட்டுமே. எனவே கோல் எப்படியும் இருக்கலாம், அசையாமலும் இருக்கலாம்! எப்-16 போர் விமானத்தின் முன்மாதிரியில் வலக்கைப் பக்கம் வைத்த கோல், கையின் அழுத்தத்தை மட்டும் அளக்கும், இம்மியும் நகராது. 1974 ஜனவரி 20 ஆம் நாள் ஓடுபாதையில் ஓட்டிப் பார்ப்பது மட்டுமே திட்டம். ஆனால் விமானம் இடமும் வலமுமாக ஆடியது. விமானி திருத்தத் திருத்த ஆட்டம் மிகுந்தது. ஓடுபாதையை விட்டு விலகி மோதுவதைவிடப் பறப்பதே மேல் என்று விமானி பில் ஓஸ்ட்ரைக்கர் அதை எழுப்பி, ஆறு நிமிடம் சுற்றிப் பத்திரமாக இறக்கினார். மெல்லிய அழுத்தத்துக்குக்கூட விமானம் மிகையாகத் துள்ளியது; தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அசையாத கோலில் கைக்குச் சரியாகத் தெரியாது. பின்னர் அந்த விமானத்தின் துடிப்பைக் குறைத்தார்கள். கோலுக்கும் சிறிதளவு அசைவு கொடுத்தார்கள். அரை அங்குலம்கூட இல்லை. ஆனாலும் கைக்கு அது பெரிய ஆறுதல்.

1987 பிப்ரவரி 22 ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ-320, பயணிகள் விமானத்தில் இம்முறையை முழுமையாகக் கொண்டு வந்தது. இரு விமானிகளின் வெளிப்பக்கத்திலும் சிறு கோல். அதில் வில் மட்டும் உண்டு. ஒருவர் தம் கோலை அசைத்தால் மற்றவரின் கோல் அசையாது. விமானி தவறாக இழுத்தாலும் கணிப்பொறி எல்லை மீற விடாது. பிறகு கைக்கு எதற்கு எச்சரிக்கை என்பது அவர்கள் எண்ணம். இந்த முறையில் இலட்சக்கணக்கான பயணங்கள் பத்திரமாக நடந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். போயிங் நிறுவனமோ 1995 இல் சேவைக்கு வந்த 777 விமானத்தில் மின்கம்பி முறையை ஏற்றுக்கொண்டும், இரண்டு பெரிய கோல்களையும் ஒன்றாகப் பிணைத்து, செயற்கை உணர்வையும் விடாமல் வைத்துக்கொண்டது.

அட்லாண்டிக்கின் மேல் ஓர் இரவு

2009 ஜூன் 1 ஆம் நாள் இரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிசுக்குப் பறந்துகொண்டிருந்த ஏர் பிரான்ஸின் ஏர்பஸ் ஏ-330 விமானம், அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் மேகக் கூட்டத்தில் புகுந்தது. பனிப்பளிங்குகள் பிட்டோ குழாய்களை அடைத்தன. வேகக் கணக்கு பொய்யானதும் தானியங்கி விலகிக்கொண்டது. எல்லை மீற விடாத பாதுகாப்பும் நீங்கியது. வலப்புறம் அமர்ந்திருந்த விமானி கோலைப் பின்னால் இழுத்தார். விமானம் மேலேறி, வேகம் இழந்து, ஸ்டால் நிலையில் விழத் தொடங்கியது. எச்சரிக்கைக் குரல் 54 விநாடிகள் இடைவிடாது ஒலித்தது. கோலோ நடுங்கவில்லை, கனக்கவில்லை. பக்கத்து விமானியின் கோலும் அசையவில்லை. ஓய்வறையிலிருந்து ஓடி வந்த தலைமை விமானிக்கு, யார் கை என்ன செய்கிறது என்பது இருட்டில் எளிதில் தெரியவில்லை. தாம் வெகு நேரமாகக் கோலை இழுத்தே பிடித்திருப்பதாக அந்த விமானி வாய்விட்டுச் சொன்னபோது ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. 228 பேர் மாண்டனர்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2011 இல், ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து பதிவுக் கருவிகள் மீட்கப்பட்டன; 2012 இல் விசாரணை அறிக்கை வெளிவந்தது. விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு; கோல் ஒன்றையே குறை சொல்வது நியாயம் ஆகாது. ஆயினும் ஒருவர் கையின் செயல் மற்றவர் கைக்குத் தெரிந்திருந்தால் என்ற கேள்வி அன்று முதல் விமானிகளிடையே ஓயவில்லை.

பொய்ப் பதில்

பதில் இல்லாமை ஆபத்து. பொய்யான பதிலோ அதைவிடப் பேராபத்து. போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் பெரிய இயந்திரங்களைச் சற்று முன்னே தள்ளிப் பொருத்தியதால், மூக்கு மிக உயரும்போது கோல் கனப்பதற்கு மாறாக இலேசாகும் குணம் வந்தது. கோலின் கனம் ஒழுங்காகக் கூட வேண்டும் என்பது விதி. அதற்காகவே கிடைவாலைத் தானே திருப்பி மூக்கைத் தாழ்த்தும் ஓர் ஏற்பாட்டைக் கணிப்பொறியில் வைத்தனர். அது ஒரே ஓர் உணர்கருவியின் சொல்லை நம்பியது.

2018 அக்டோபர் 29 ஆம் நாள் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச் 10 ஆம் நாள் எத்தியோப்பியாவிலும் அந்த உணர்கருவி தவறாகச் சொன்னது. விமானம் நல்ல நிலையில் இருக்க, இடப்புறக் கோல் ஆபத்து என்று நடுங்கிக்கொண்டே இருந்தது. வால் மீண்டும் மீண்டும் திரும்பி மூக்கைத் தாழ்த்தியது. விமானிகள் முழுப் பலத்தோடு கோலை இழுத்தும் தோற்றனர். இரு விபத்துகளிலும் சேர்த்து 346 உயிர்கள் போயின. உலகெங்கும் தரையிறக்கப்பட்ட அந்த விமானங்கள், இரண்டு உணர்கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படியும், விமானியின் கைபலத்தை அந்த ஏற்பாடு மீறாதபடியும் மாற்றியமைக்கப்பட்ட பின்பே, 2020 நவம்பரில் அமெரிக்காவில் மீண்டும் பறக்க அனுமதி பெற்றன.

மீண்டும் பேசும் கோல்

இன்று புதுவகைக் கோல்கள் வந்திருக்கின்றன. 2015 இல் முதன்முதலாகப் பறந்த கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-500 என்னும் சிறு ஜெட் விமானத்தின் பக்கக் கோல்களுக்குள் சிறு மோட்டார்கள் இருக்கின்றன. வேகத்துக்கும் நிலைக்கும் ஏற்ப அவை கோலை விறைக்கச் செய்யும், தளர்த்தும், நடுங்க வைக்கும். ஒரு விமானி கோலை அசைத்தால் மற்றவரின் கோலும் உடன் அசையும். நடுவே கயிறும் இல்லை, வடமும் இல்லை. ஆனால் இரண்டு கைகளும் ஒன்றையொன்று அறிகின்றன. ரைட் சகோதரர்களின் காலத்தில் காற்று இலவசமாகச் சொன்ன பதிலை, நூறாண்டுக்குப் பின் இத்தனை பாடுபட்டுத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள்!

தோழியரே, இவ்வாண்டுக் கண்காட்சிக்கு எங்கள் பழைய மோட்டார் மடலையே மீண்டும் எடுத்தோம். விசிறிக்கு எதிரே ஒரு சிறு அட்டைத் துண்டைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு நூலை மோட்டார்க் கோலின் பின்புறத்தில் கட்டினோம். காற்று வலுத்தால் அட்டை பின்னால் போகும். நூல் கோலைப் பின்னுக்கு இழுக்கும். கோலைத் தள்ள விரலுக்குப் பலம் வேண்டும். விரலை எடுத்தால் சுவிட்சு தானே விட்டுவிடும். பிட்டோ குழாய் செய்கிற வேலையை எங்கள் பழைய நோட்டு அட்டை செய்தது.

சென்ற ஆண்டு எங்களிடம் திட்டு வாங்கிய சிறுமி இப்போது ஏழாம் வகுப்பு. அவளை நாங்களே தேடிப் போய் அழைத்து வந்து, அன்று திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டோம். விசிறியை முழு வேகத்தில் வைத்து, “இப்போ தள்ளிப் பாரு” என்றோம். பயந்துகொண்டே தள்ளினாள். சற்றுத் தள்ளியவள், தானே கையை எடுத்துவிட்டாள். மடல் பிய்யவில்லை. “இப்போ கைக்குத் தெரியுது அக்கா” என்றாள்.

அன்று தவறு அவளுடையது அன்று, எங்களுடையதுதான். வேலையை எளிதாக்க நினைத்த நாங்கள், செய்கிறவளுக்குத் தான் என்ன செய்கிறோம் என்பதே தெரியாமல் ஆக்கிவிட்டோம். நாளை நம்மில் யாரேனும் இயந்திரம் செய்யும் பொறியாளராகலாம். கைக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், கைக்கு உண்மை தெரிகிறதா என்றும் பார்ப்போமாக!